பாட்டனார் கண் பேரனுக்கு

பள்ளிக்கூடத்தில் சித்திர வகுப்பு நடக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் மாமரம் ஒன்று எழுதியிருக்கிறான். கிளைகள் அழகாக வளைந்திருக்கின்றன. காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. எல்லாம் சரிதான். ஆனால் இலைகளுக்கெல்லாம் செம்மண் நிறம் பூசியிருக்கிறான்! உபாத்தியாயர் வந்து பார்க்கிறார். "ஏண்டா, எந்த ஊரில் மாவிலை இந்த நிறத்தில் இருக்கிறது? பரிகாசமா செய்கிறாய்?" என்று காதைப் பிடித்துத் திருகுகிறார். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரிக்கிறது. பையன் தன் கையிலிருக்கும் வர்ணக் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பச்சைக் குச்சியைத்தான் எடுத்தோம் என்று அவன் சத்தியமாக நம்பியிருந்தான்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு சங்கடம். "கொல்லையில் போய்ப் பழுத்த மிளகாயாகப் பார்த்துப் பறித்துக் கொண்டு வாடா, கண்ணு!" என்கிறாள் தாயார். பையன் கை நிறையப் பறித்து வருகிறான். அதில் பாதி பச்சை மிளகாய்! "இவனுக்கு எதிலுமே கவனம் இல்லை" என்று அப்பா தீர்ப்புச் சொல்லி விடுகிறார்.

உண்மையில் அந்தப் பையனிடம் குறும்பும் இல்லை, கவனக் குறைவும் இல்லை. அவனுடைய கண்ணின் அமைப்பு அப்படி. அந்தக் கண்ணை அவனுக்குக் கொடுத்தவள் தாயார். ஆனால் அவளுக்கு எல்லா நிறங்களும் நன்றாகவே தெரிகின்றன! அவளுக்கு அதைக் கொடுத்தவர் அவளுடைய தகப்பனாராக இருக்கலாம். கூடத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக் கொண்டிருக்கும் அந்தப் பாட்டனாரைக் கூப்பிட்டு, "தாத்தா, இந்த மிளகாய்களில் சிவப்பு எது, பச்சை எது?" என்று கேட்டுப் பாருங்கள். அவரும் திருதிருவென்று விழித்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

இதைத்தான் "வர்ணக் குருடு" என்று சொல்கிறார்கள். அவ்வளவு பொருத்தமான பெயர் அல்ல. இவர்களில் அநேகமாக யாரும் குருடர்கள் அல்லர். தூரத்துப் பொருளையும் பொடி எழுத்தையும் மற்றவர்களைப் போலவே இவர்களால் பார்க்க முடியும். நீலமும் மஞ்சளும் இவர்களுக்கு நன்றாகத் தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு ஆகிய நிறங்கள்தான் ஒன்றோடொன்று குழம்பி விடும். ரோஜா நிறம் சாம்பல் நிறமாகத் தோன்றும். ஊதா நிறம் நீலமாகத் தோன்றும். உலகமே கறுப்பு வெளுப்பாகத் தோன்றுகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் மிகவும் சிலர். அது வேறு வகையைச் சேர்ந்த குறை.

விஞ்ஞானி கண்ட ஜெரேனியம் பூ

இந்த விஷயத்தை முதன் முதலில் தீர ஆராய்ந்தவர் ஒரு பெரிய விஞ்ஞானி. அதுவும் தம்முடைய கண்ணையே வைத்து ஆராய்ந்தவர். அவர்தாம் ஜான் டால்டன். பொருள்கள் எல்லாம் அணுக்களால் ஆனவை என்னும் கொள்கையை நவீன ரசாயன சாஸ்திரத்துக்கு அஸ்திவாரமாக அமைத்துக் கொடுத்த அதே டால்டன்தான். 1766-ம் வருஷம் இங்கிலாந்தின் வடபகுதியில் கம்பர்லாந்து ஜில்லாவிலே ஒரு நெசவாளியின் குடும்பத்தில் பிறந்தார்.

1792-ம் வருஷத்தில் ஒரு நாள் டால்டன் ஜெரேனியம் என்னும் செடியின் பூவை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். பகலில் ஆகாய நீலமாகத் தோன்றிய அந்தப் பூ, இரவில் சிவப்பாகத் தோன்றியது! திகைத்துப் போய் நண்பர்களைக் கேட்டார். "பகலிலும் இரவிலும் அந்தப் பூ ரோஜா நிறந்தான், அப்படி ஒன்றும் பெரிய மாறுதல் இல்லையே!" என்ற தோரணையில் அவர்கள் பதில் சொன்னார்கள். ஒருவர் மட்டும் டால்டன் சொன்னதை அப்படியே ஆமோதித்தார். அவர் டால்டனுடைய சொந்தச் சகோதரர்!

டால்டனுக்குப் பொறி தட்டியது. தம்மைப் போன்ற வேறு சிலரையும் தேடிப் பிடித்து விசாரித்தார். 1794-ம் வருஷத்தில் மான்செஸ்டர் நகரத்து இலக்கிய தத்துவ சங்கத்தில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். வானவில்லில் மற்றவர்கள் ஏழு நிறங்களைக் காணும் இடத்தில் தமக்கு இரண்டு, அதிகமாய்ப் போனால் மூன்று நிறங்களே தெரிகின்றன என்று அதில் சொன்னார். முத்திரை வைக்கும் சிவப்பு அரக்கும், பசுமையான இலையும் தமக்கு ஒரே நிறமாகத் தெரிவதையும் ஒளிக்காமல் கூறினார். அவர் பெயர் இந்தக் குறைக்கே நிலைத்து விட்டது. இன்றைக்கும் பிரெஞ்சு, ஸ்பானிஷ் முதலிய பாஷைகளில் இதற்கு "டால்டனிஸம்" என்றுதான் பெயர்.

டால்டன் குவேக்கர் மதப் பிரிவைச் சேர்ந்தவர். ஆடம்பரமான செந்நிற உடை அணிவது அவர்களுக்கு ஆகாத காரியம். 1834-ம் வருஷத்தில் அரசர் நான்காம் வில்லியத்தைப் பேட்டி காண்பதற்கு அவர் போக வேண்டியிருந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தார் அளித்த பட்டத்துக்கு உரிய அங்கி கண்ணைப் பறிக்கும் சிவப்பு. டால்டன் அதைத் தயக்கமில்லாமல் அணிந்து கொண்டு போனார். அவருடைய கண்ணுக்குத்தான் அது சிவப்பாகவே படவில்லையே!

தமக்கு இந்தக் குறை ஏன் வந்தது என்பதற்கு அவர் ஒரு காரணமும் சொன்னார். கண்விழிக்குள்ளே இருக்கும் பளிங்கு போன்ற பசை தமக்கு மட்டும் நீல நிறமாக இருக்க வேண்டும். அது சிவப்பு ஒளியை விழுங்கி விடுகிறது என்று நினைத்தார். "நான் இறந்த பிறகு என் கண்ணை எடுத்துப் பார்த்து விடுங்கள்" என்றும் ஏற்பாடு செய்தார். 1844-ம் வருஷம் ஜூலை மாதம் 27-ந் தேதி அவர் காலமானார். மறுநாளே ரான்ஸம் என்னும் வைத்தியர் அவருடைய கண்ணை அறுத்துப் பார்த்தார். உள்ளேயிருந்த பசை ஸ்படிகம் போலத் தெளிவாக இருந்தது! நீல நிறம் சிறிதும் இல்லை. டால்டனுடைய ஊகம் தவறு என்று ஏற்பட்டது. ஆனால் கண்ணின் மிச்ச பாகத்தை எறிந்து விடாமல் பத்திரமாய் வைத்திருந்தார்கள். அந்தக் கண்ணின் கதை அத்துடன் முடியவில்லை, பின்னால் வருகிறது.

ரயில் வண்டியும் கம்பளி நூலும்

ரயில் வண்டி வருகிற வரையில் வர்ணக் குருட்டை யாரும் பெரிதாகப் பாராட்டவில்லை. ரயில் வந்ததும் சிவப்புக் கைகாட்டிக்கும் பச்சைக் கைகாட்டிக்கும் உள்ள வித்தியாசம் உயிர்ப் பிரச்னை ஆகி விட்டது.

1875-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஸ்வீடன் தேசத்திலே லாகர்லுண்டா என்னும் இடத்தில் இரண்டு ரயில்கள் மோதிக் கொண்டு 9 பேர் மாண்டார்கள். உப்ஸாலா பல்கலைக் கழகத்து உடலியல் ஆசிரியர் ஹோல்ம்கிரென், விளக்கின் நிறத்தைத் தவறாகப் பார்த்ததுதான் காரணமோ என்று சந்தேகித்தார். அந்தச் சந்தேகம் சரியென்று இன்று வரையில் ருசுவாகவில்லை. ஆனால் அதனால் ஏற்பட்ட நன்மை நிலைத்தது. பல நிறக் கம்பளி நூல் சிட்டங்களை மேஜை மேல் குவித்து, ஒரு சிட்டத்தைக் காட்டி, "இதே ஜாதி நிறத்தையெல்லாம் பொறுக்கி எடு" என்று சொல்லும் பரீட்சையை அவர் ஏற்படுத்தினார். ரயில்வே சிப்பந்திகள் சிலர் வெளிர்ப் பச்சையோடு சாம்பலையும் பழுப்பையும் சேர்த்துப் பொறுக்கி வைத்ததைக் கண்டு அதிகாரிகள் திடுக்கிட்டார்கள். பல தேசங்களிலும் அந்தப் பரீட்சை பரவிற்று.

பிறகு 1917-ல் ஜப்பானியக் கண் வைத்தியர் இஷிஹாரா புள்ளிப் படங்களை வெளியிட்டார். வட்டத்துக்குள் பல நிறப் புள்ளிகள். அவற்றுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். எல்லா நிறமும் தெரிகிறவர்களுக்கு ஒரு எண் தெரியும். வர்ணக் குருடர்களுக்கு வேறு எண் தெரியும் அல்லது ஒன்றுமே தெரியாது. கண் வைத்தியரிடம் போனால் இன்றைக்கும் இந்தப் படங்களைத்தான் காட்டுவார்.

கண்ணுக்குள் மூன்று சாட்சிகள்

கண்ணின் பின்புறத்தில் விழித்திரை என்று ஒன்று இருக்கிறது. அதில் கூம்பு வடிவமான நுட்பமான அணுக்கள் சுமார் 60 லட்சம் இருக்கின்றன. பகல் வெளிச்சத்தில் நிறத்தைக் கண்டுபிடிப்பவை இவைதாம். இவற்றில் மூன்று வகை உண்டு. ஒரு வகை நீல ஒளியையும், இன்னொரு வகை பச்சை ஒளியையும், மூன்றாவது வகை அதற்கும் அப்பால் சிவப்புப் பக்கம் உள்ள ஒளியையும் முக்கியமாக உணருகின்றன. மூன்று சாட்சிகள் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்த்து மூளை "இது இன்ன நிறம்" என்று தீர்ப்புச் செய்கிறது. பச்சைச் சாட்சியோ சிவப்புச் சாட்சியோ வராமல் போனாலும், அல்லது இருவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி சாட்சி சொன்னாலும், பழுத்த மிளகாய் எது, பழுக்காத மிளகாய் எது என்று மூளைக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கூம்பு அணுக்களில் இருக்கும் சாயத்தை எப்படிச் செய்வது என்பதற்கு உடம்பில் எழுதி வைத்த விதிகள் உண்டு. அந்த விதிகளுக்கு ஜீன்கள் என்று பெயர். ஜீன்கள் வரிசையாக அடங்கியிருக்கும் இழைகளே குரோமோசோம்கள். 1986-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜெரமி நாதன்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் இந்த மூன்று ஜீன்களையும் கண்டுபிடித்துப் படித்தார்கள். நீல ஜீன் ஏழாவது குரோமோசோமில் தனியே இருக்கிறது. சிவப்பு ஜீனும் பச்சை ஜீனும் எக்ஸ் என்னும் குரோமோசோமின் ஒரு நுனியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப் போல அவ்வளவு ஒற்றுமை உடையவை.

அந்த ஒற்றுமைதான் ஆபத்து. தாயின் உடலில் கருமுட்டை உண்டாகும்போது, அவளுடைய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று துண்டுகளை மாற்றிக் கொள்வது வழக்கம். அப்போது இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றை மற்றொன்றென்று எண்ணி ஆள்மாறாட்டம் நடந்து விடுகிறது! ஒரு பக்கத்துக்குப் பச்சை ஜீன் இரண்டாகப் போய்ச் சேரும். மற்றொரு பக்கத்தில் ஒன்றுமே இல்லாமல் போகும். சில சமயம் பாதி சிவப்பும் பாதி பச்சையுமான கலப்பு ஜீன் உண்டாகும். வர்ணக் குருடு உலகில் இவ்வளவு சாதாரணமாய் இருப்பதற்கு இதுவே காரணம்.

பாட்டனாரிடமிருந்து பேரனுக்கு

இப்போது குடும்ப விஷயத்துக்கு வருவோம். ஸ்திரீகளுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. புருஷர்களுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. பிள்ளைக்கு எக்ஸைக் கொடுப்பவள் தாய். ஒய்யைக் கொடுப்பவர் தகப்பன். பெண்ணுக்கோ தாய் ஒரு எக்ஸும் தகப்பன் ஒரு எக்ஸும் கொடுக்கிறார்கள்.

ஸ்திரீயின் ஒரு எக்ஸில் குறை இருந்தாலும் மற்றொரு எக்ஸ் ஈடு செய்து விடும். அநேகமாக எல்லா நிறமும் தெரியும். புருஷனிடம் இருப்பதோ ஒற்றை எக்ஸ். அதில் குறை இருந்தால் ஈடு செய்ய ஆளில்லை. இதனால்தான் ஐரோப்பிய வம்சத்தாரில் ஆண்கள் 100 பேரில் சுமார் 8 பேருக்கும், பெண்கள் 200 பேரில் சுமார் ஒருவருக்கும் இந்தக் குறை காணப்படுகிறது. ஆசியக் கண்டத்தில் விகிதம் பொதுவாக இதைவிடக் குறைவு.

இதிலிருந்து சில விதிகள் தாமாகவே கிடைக்கின்றன. தகப்பனார் வர்ணக் குருடர், தாயார் குறை இல்லாதவள் என்றால், பிள்ளைகளில் ஒருவனுக்கும் குறை வராது. தகப்பனாரின் எக்ஸ் பிள்ளைக்குப் போவதே இல்லை அல்லவா? ஆனால் பெண்கள் அத்தனை பேரும் அந்த எக்ஸைத் தாங்கியிருப்பார்கள். அவர்களுக்கு எல்லா நிறமும் தெரியும். ஆனால் அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறை வருவதற்குப் பாதிக்குப் பாதி சந்தர்ப்பம் உண்டு. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது போலத்தான். ஒரு தலைமுறை மறைந்து, அடுத்த தலைமுறையில் பேரனிடம் அது தலைகாட்டுகிறது. 1876-ல் ஸூரிச் நகரத்துக் கண் வைத்தியர் ஹார்னர் குடும்ப வம்சாவளிகளை ஆராய்ந்து இந்தப் போக்கைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். அதற்கு உண்மைக் காரணம் எக்ஸ் குரோமோசோம் என்பதை 1911-ல் அமெரிக்க விஞ்ஞானி வில்ஸன் எடுத்துக் காட்டினார். மனிதனுடைய குணங்களில் இன்ன குரோமோசோமைச் சேர்ந்தது என்று முதன் முதலில் தெரிந்தது வர்ணக் குருடுதான்.

மாமன் மகளும் அத்தை மகளும்

சொந்தத்தில் கல்யாணம் செய்து கொள்வது நம்மவர்களுக்கு வெகு நாளைய வழக்கம். ஆகையால் ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாமன் மகளும் அத்தை மகளும் நமக்கு ஒரே முறைதான். ஆனால் எக்ஸ் குரோமோசோமுக்கு அப்படி அல்ல!

வர்ணக் குருடனான ஒரு வாலிபன் அத்தை மகளைக் கல்யாணம் செய்து கொள்கிறான் என்று வைத்துக் கொள்வோம். அவனுடைய எக்ஸ் தாயாரிடமிருந்து வந்தது. அத்தையோ தகப்பனார் வழி உறவு. ஆகவே அந்த உறவினால் மட்டும் பெண்ணிடம் அதே குறை இருப்பதற்குக் காரணம் இல்லை.

அதே வாலிபன் மாமன் மகளை மணந்தால்? அவன் தாயாருக்கு அந்த எக்ஸ் அவளுடைய தாயாரிடமிருந்து வந்திருந்தால், தாய் மாமனுக்கும் அது வந்திருக்கலாம். மாமனும் வர்ணக் குருடர் என்றால் மாமன் மகள் நிச்சயமாக அதைத் தாங்கியிருப்பாள். அப்போது இந்தத் தம்பதிகளின் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மட்டும் அல்ல, பெண்களிலும் பாதிப் பேருக்குக் குறை வர இடமுண்டு. வர்ணக் குருடரான மாமனே அக்காள் மகளை மணந்தாலும் இப்படித்தான். அந்தப் பெண் அதே எக்ஸைத் தாங்கியிருக்க நாலில் ஒரு பங்கு சந்தர்ப்பம் உண்டு.

நிறம் தெரியாததற்காக ஒரு நல்ல சம்பந்தத்தைத் தள்ளி விடுங்கள் என்று சொல்ல வரவில்லை. இது வியாதி அல்ல. உயிருக்கு ஆபத்தும் இல்லை. ஆனால் இதே வழியில் வரும் கொடிய குறைகள் வேறு உண்டு. சிறு காயம் பட்டாலும் ரத்தம் உறையாமல் பெருகும் ஹீமோபிலியா அவற்றில் ஒன்று. விக்டோரியா மகாராணியின் பெண் வழிச் சந்ததியார் மூலமாக அது ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஒரே குமாரன் வரையில் போய்ச் சேர்ந்தது. மிளகாய் பறிப்பதில் தெரிந்து கொண்ட கணக்கு அங்கே உயிர்க் கணக்காகி விடுகிறது. ஆகவே, தாய் வழியில் அத்தகைய நோய் இருக்கும் குடும்பத்தார், சொந்தத்தில் சம்பந்தம் பேசுமுன் வைத்தியரைக் கலந்து கொள்வது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "உன் வழியில் வந்த குறைதானே?" என்று தாயாரைக் குத்திக் காட்டும் வீடுகளும் உண்டு. இதைப் போன்ற அநியாயம் வேறில்லை. அவளும் தன் பெற்றோரிடமிருந்து பெற்றதைத்தான் கொடுத்தாள். எந்த எக்ஸைக் கொடுப்பது என்பது அவள் இஷ்டத்தில் இல்லை; அவள் சாப்பிட்டதிலும் இல்லை, கர்ப்பிணியாய் இருக்கையில் பார்த்ததிலும் இல்லை.

டால்டன் கண் கடைசியில் சொன்ன பதில்

மான்செஸ்டரில் பத்திரமாக வைத்த கண்ணை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1995-ல், டால்டன் இறந்து 151 வருஷங்களுக்குப் பிறகு, ஆங்கில விஞ்ஞானிகள் அந்தக் கண்ணிலிருந்து துளி எடுத்து அதிலுள்ள ஜீன்களைச் சோதித்தார்கள். சிவப்பு ஜீன் இருந்தது. பச்சை ஜீன் இல்லை! டால்டன் உயிரோடிருந்த காலத்திலேயே தாமஸ் யங் என்னும் அறிஞர், டால்டனுக்குச் சிவப்பு உணர்ச்சிதான் இல்லை என்று சொல்லியிருந்தார். அதுவும் தவறாய்ப் போயிற்று. தமக்குக் கிடைக்காத பதிலைத் தம் கண் சொல்லட்டும் என்று டால்டன் விட்டுச் சென்றார். அது ஒன்றரை நூற்றாண்டு காத்திருந்து சொல்லி விட்டது.

இதற்குச் சிகிச்சை உண்டா என்று கேட்பீர்கள். மனிதருக்கு இன்னும் இல்லை. சாயக் கண்ணாடிகள் சில நிறங்களின் வித்தியாசத்தைத் தூக்கிக் காட்டலாம். இல்லாத சாட்சியைக் கொண்டு வர மாட்டா. 2009-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் தெரியாத இரண்டு அணில் குரங்குகளின் கண்ணில், குறைந்திருந்த ஜீனைச் செலுத்தினார்கள். சில மாதங்களில் அவை புதிய நிறங்களைக் கண்டுகொண்டன. அவற்றில் ஒரு குரங்கின் பெயர் டால்டன்!

நாம் செய்யக் கூடியது

குரங்குக்குக் கிடைத்தது குழந்தைக்குக் கிடைக்கிற வரையில் நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. பையன் பள்ளிக்கூடம் சேருகிற வயதில் ஒரு முறை கண் வைத்தியரிடம் அழைத்துப் போய்ப் புள்ளிப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். தாய் வழிப் பாட்டனாருக்கோ மாமனுக்கோ நிறங்களில் தடுமாற்றம் இருந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். பையன் பெரியவனாகி, ரயில் வண்டி ஓட்டும் உத்தியோகத்துக்கு மனுப் போட்டு, வைத்தியப் பரீட்சையில் முதன் முதலாகத் தன் குறையை அறிந்து மனம் உடைவதைவிட, பத்து வயதில் தெரிந்து வேறு வழியில் ஆசையைத் திருப்பிக் கொள்வது எவ்வளவோ மேல்.

வழிகள் இப்போது முன்னைவிட விசாலமாகி வருகின்றன. நம் தேசத்தில் 2020-ல் இந்திய சர்க்கார் விதிகளைத் திருத்தி, லேசான அல்லது நடுத்தரமான வர்ணக் குருடு உள்ளவர்கள் மோட்டார் ஓட்டும் லைசென்ஸ் பெறலாம் என்று அனுமதித்தார்கள். தெரு முனை விளக்கில் எது மேலே எரிகிறது, எது கீழே எரிகிறது என்று பார்த்தே அவர்கள் தெரிந்து கொள்கிறார்கள். 2022-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டார், புனாவிலுள்ள திரைப்படக் கல்லூரியில் இவர்களை எல்லா வகுப்புகளிலும் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். படத் தொகுப்பு வகுப்பில் இடம் மறுக்கப்பட்ட ஒரு மாணவர் விடாமல் போராடியதன் பலன் அது.

நம் சித்திர வகுப்புப் பையனுக்கோ கோர்ட்டுத் தீர்ப்பெல்லாம் வேண்டாம். அவனுடைய வர்ணக் குச்சிகளில் "பச்சை", "சிவப்பு", "பழுப்பு" என்று எழுதிச் சீட்டு ஒட்டிக் கொடுத்தால் போதும். உபாத்தியாயருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். மிளகாயைத் தொட்டு, பளபளப்பையும் சுருக்கத்தையும் பார்த்துப் பறிக்கச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த மாமரத்துக்கு இலைகள் பச்சையாகவே இருக்கும். பேரனுடைய படத்தைப் பாட்டனாரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கெல்லாம் அது வெறும் மாமரம். அவன் பார்க்கிறபடியே அதைப் பார்க்கக் கூடியவர் அவர் ஒருவர்தான்.